பள்ளி: மந்தை அடைந்த இடமும் மனிதர் தொழும் இடமும்

பள்ளி என்று சொல்லக்கூடாதாம். அது நம்மட சொல் இல்லையாம். மஸ்ஜித் என்றே சொல்லணுமாம். இப்படிச் சொல்வோர் எங்கட ஊர்களில் கூடி வருகின்றனர். மஸ்ஜித் நல்ல சொல்தான், ஸுஜூது செய்யும் இடம். ஆனால் பள்ளியைத் துரத்துமுன் அது வந்த வழியைக் கொஞ்சம் பார்க்கலாமே.

படுக்கை, உறக்கம், விலங்கு துயிலிடம், இடைச்சேரி என்று அகராதிகள் பள்ளிக்குப் பல பொருள் தருகின்றன. மந்தை அடையும் இடமும் அதன் ஆயர் கூடி வாழும் இடமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. குகைகளில் கற்படுக்கை வெட்டித் தங்கிய சமண முனிவரின் உறைவிடமும் பள்ளிதான். மதுரைக்கு அருகே மாங்குளம் கல்வெட்டில், கி.மு. 2ஆம் நூற்றாண்டளவிலேயே, ‘பளிய்’ என்று இச்சொல் காணப்படுகிறது. பௌத்தரும் இதை எடுத்தாண்டனர். நம் நாட்டிலேயே சாட்சி உண்டு: திருகோணமலையின் வெல்கம் விகாரைக்குச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். பிள்ளைகள் ஓதிப் படிக்கும் இடமும் பள்ளிக்கூடம் ஆயிற்று. தமிழ் பேசிய நம் முன்னோர் தொழுமிடத்துக்கு எடுத்துக்கொண்டது இந்தச் சொல்லைத்தான். கோயில் என்ற சொல்லும் பக்கத்திலேயே இருந்தது; அதை எடுக்கவில்லை.

விலங்கு அடையும் இடத்தின் பெயர் தொழுமிடத்துக்கு இழுக்கு என்பார்க்கு ஒரு வார்த்தை. அல்அன்ஆம் சூராவின் 38ஆம் வசனம் பிராணிகளையும் பறவைகளையும் நம்மைப் போன்ற ‘உமம்’ என்கிறது. உம்மத் என்பதன் பன்மைதான் அது. அந்தச் சூராவின் பெயருக்குப் பொருளே கால்நடைகள். ஜமாஅத்தாகத் தொழுவதை வலியுறுத்தும் ஹதீஸிலும், ஓநாய்க்கு இரையாவது மந்தையை விட்டு விலகிய ஆடுதான்.