அங்க அடையாளம்

முதுகலை வகுப்பில் ஆண்டுதோறும் மாணவிகளுக்கு ஒரு பயிற்சி தருவேன். நான்கு தலைமுறைக்கு அவரவர் குடும்ப மரத்தை வரைந்து வர வேண்டும். கொள்ளுத் தாத்தாக்கள் நால்வர், கொள்ளுப் பாட்டிகள் நால்வர், ஆக எட்டுக் கட்டங்கள். தாத்தாக்களின் கட்டங்கள் பெரும்பாலும் நிரம்பிவிடும். பாட்டிகளின் கட்டத்தில் ஒரு பெயர் இருந்தாலே அதிகம். மற்றவை வெறுமையாக இருக்கும், அல்லது ‘இன்னாரின் மனைவி’ என்று எழுதியிருக்கும்.

என் மரமும் அப்படித்தான் இருந்தது. அதில் கட்டமே இல்லாத ஒருத்தியும் இருந்தாள். இடையஞ்சாவடியில் திண்ணையில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்தபடி ஆயா சொல்வாள்: “எங்க ஆயாவுக்குத் தங்கச்சி ஒருத்தி. உப்பளத்து வேலைக்குன்னு மரக்காணம் பக்கம் போனவ திரும்பி வரல. தீவுக்குப் போய்ட்டான்னாங்க.” எந்தத் தீவு என்று கேட்டால் ஆயாவுக்குக் கோபம் வரும். கடலுக்கு அப்பால் இருந்த எல்லாமே அவளுக்குத் தீவுதான். பெயரைக் கேட்டால், “அவ பேர யாரு சொன்னாங்க?” என்பாள்.

எங்கள் ஊருக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்கள், தெற்கே புதுச்சேரி. ஊர் இருந்த தென்னார்க்காடு பிரிட்டிஷாரிடம் இருந்தது, புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம். ஒரு நாள் நடந்தால் ஓர் அரசைவிட்டு மறு அரசுக்குப் போய்விடலாம். பிரிட்டிஷ் குடியேற்றங்களில் 1834இல் அடிமைமுறை ஒழிந்தபோது கரும்புத் தோட்டக்காரர்கள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடி இந்தியாவுக்கு வந்தார்கள். பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் அது நடந்தது. பிரிட்டிஷ் குடிகளையும் பிரெஞ்சுத் தீவுகளுக்குத் திரட்டிக்கொள்ளலாம் என 1861இல் இரு அரசுகளும் உடன்பட்டன. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குக் கப்பல்கள் போயின. மதராசிலிருந்து மொரீஷியஸுக்கும் நட்டாலுக்கும், 1903க்குப் பின் ஃபிஜிக்கும் போயின. 1876-78 பெரும் பஞ்சம் ஆள்பிடிப்பவர்களின் வேலையை எளிதாக்கியது.

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது பிரிட்டிஷ் ஒப்பந்தக் கப்பல்களின் விதி. பெண்களுக்கு அங்கே வாழ்வு வேண்டும் என்று யாரும் இதை வகுக்கவில்லை. தோட்டத்தில் ஆண்களை நிலைநிறுத்தப் பெண்கள் தேவைப்பட்டார்கள். குடும்பத்தோடு போக விரும்பியவர்கள் குறைவு என்பதால், கைம்பெண்களும் கணவனை விட்டு வந்தவர்களும் தனித்தவர்களும் அந்தக் கணக்கை நிரப்பினார்கள். பிறகு, தனியாக வந்தவள் என்ற காரணத்துக்காகவே நடத்தை கெட்டவள் என்று எழுதியும் வைத்தார்கள். எங்கள் வீட்டில் அவளுடைய பெயரை ஏன் யாரும் சொல்லவில்லை என்பது இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு குடும்பத்தின் கிளைகள் எந்தக் கடலைக் கடந்தன என்பதைப் பொறுத்து, தேடுபவருக்குக் கிடைக்கும் காகிதமும் மாறும். நட்டாலுக்குப் போன முதல் கப்பல் ‘ட்ரூரோ’. அது மதராசிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை அங்கே போன 1,52,184 பேருக்கும் ஓர் எண் உண்டு. எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், அங்க அடையாளம். மொரீஷியஸில் 1860களுக்குப் பிறகு போய் இறங்கியவர்கள் பலருக்குப் புகைப்படமும் உண்டு. ஆவணங்கள் இன்று மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

பிரெஞ்சுத் தீவுகளிலும் பதிவெண் உண்டு. ஆனால் அங்கே பெயர் வேறுவிதமாக உறைந்துபோனது. நம்மிடம் தலைமுறைக்குத் தலைமுறை மாறும் தந்தை பெயரை, அங்கிருந்த எழுத்தர் குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார். ரீயூனியனில் இன்று ஒரு பெண் ‘ராமசாமி’யாக இருக்கிறாள் என்றால், கப்பலேறிய ஒரு ராமசாமியோ அவனுடைய தகப்பனோ அவள் பெயரில் நின்றுவிட்டான் என்று பொருள். அவனோடு ஏறியவளின் பெயர் பதிவேட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி வழியாகப் போனவர்களின் கிளைதான் தேடுவதற்குக் கடினமானது. அங்கே கடன் கங்காணியின் கணக்கில் இருந்தது, ஆட்கள் அவன் பின்னால் தலைகளாக நடந்தார்கள்.

எதிர்த்திசையில் வந்த கிளையும் ஒன்று உண்டு. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, புதுச்சேரியில் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் சைகோனுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார்கள், சிலர் வியட்நாமியப் பெண்களை மணந்து திரும்பினார்கள். புதுச்சேரி வீடுகளில் நெம் சுருட்டிய அந்தப் பாட்டிகளும் குடியேறிய முன்னோர்கள்தான். நாம் போனவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். வந்த பெண்களின் தாய்வழியை யார் வரைந்திருக்கிறார்கள்?

இதெல்லாம் பழங்கதை ஆர்வம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகளை நினைவூட்டுகிறேன். முதலாவது 1913. தென்னாப்பிரிக்காவின் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு, இந்து, இஸ்லாமிய முறைத் திருமணங்கள் சட்டப்படி செல்லாதவை என்ற நிலையை உண்டாக்கியது. ஒரே நாளில் மனைவிகள் மனைவியல்லாதவர்களாகவும், குழந்தைகள் வாரிசல்லாதவர்களாகவும் ஆனார்கள். பெண்கள் போராட்டத்தில் இறங்கியதற்கு இது முக்கியக் காரணம். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார்.

இரண்டாவது 1948. இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தீவில் பிறந்த ஒருவர் தன் தந்தை அங்கே பிறந்ததை அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததை நிறுவ வேண்டும் என்றது. பதிவுகள் இல்லாத மலையகத் தமிழர் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அந்தச் சட்டத்தில் பாட்டிக்கு இடமே இல்லை. கொழுந்து பறித்து அந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டியவள் அவள்தான். ஆனால் பேரனுடைய குடியுரிமைக்கு அவள் பிறப்பு சான்றாகவில்லை. வம்சாவளி என்பது அதிகாரத்தின் கையில் ஒரு தேர்வுத்தாளாகிறது. வினாக்கள் எல்லாம் ஆண்வழியிலேயே கேட்கப்படுகின்றன.

ஆகவே நாம் வேறு வினாக்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. பேர்த்தி என்ற சொல்லே பெயர்த்திதான், பாட்டியின் பெயரை ஏற்பவள். ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்ப வரும் பெண்பெயரைப் பாருங்கள், நடுவில் விடுபட்டவள் தென்படக்கூடும். அம்மாவின் அம்மாவுக்கு எந்த ஊரில் தாய்வீடு, எந்தக் கோயிலில் மொட்டை என்று கேளுங்கள். கயூத்ரா பகதூர் என்ற எழுத்தாளர், 1903இல் கல்கத்தாவிலிருந்து கர்ப்பிணியாகத் தனியே கயானாவுக்குக் கப்பலேறிய தன் கொள்ளுப் பாட்டியைத் தேடிப்போய் ஒரு முழு நூலே எழுதினார். பதிவேடு சொன்னதை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. எழுதியவன் யார், அவனுக்கு எது தேவைப்பட்டது என்றும் கேட்டார். சாதிப் பத்தியைப் படிக்கும்போது நமக்கும் அந்த எச்சரிக்கை வேண்டும். கரையில் சொன்ன சாதி, தப்பித்துப் போகிறவள் தனக்காகத் தேர்ந்துகொண்டதாகவும் இருக்கலாம்.

ஆயாவின் கடைசிக் காலத்தில் மறுபடியும் கேட்டேன். பெயர் அப்போதும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சொன்னாள்: “வலது கையில தேள் பச்ச குத்தியிருப்பாளாம். குத்தும்போது அழவே இல்லியாம். எங்க ஆயா சொல்லும்.”

கப்பல் பதிவேட்டில் ‘அங்க அடையாளம்’ என்ற பத்தியில் எழுத்தர்கள் எழுதியதும் இதைத்தான். தழும்பு, மச்சம், பச்சை. அவர்கள் எழுதியது, ஓடிப்போனால் பிடித்துவர. ஆயா வைத்திருந்தது, மறந்துவிடாமல் இருக்க.

அவளை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தென்னார்க்காடு என்று வரும் பக்கங்களில், பெண்களின் வரிகளை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறேன். என் மரத்தில் ஆயாவின் ஆயாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து, பெயருக்கான இடத்தை விட்டுவிட்டு, ‘வலது கையில் தேள் பச்சை’ என்று எழுதியிருக்கிறேன். இந்த ஆண்டுப் பயிற்சியில் மாணவிகளுக்கு ஒரு பத்தி கூடுதல். பாட்டியின் பெயர் தெரியாவிட்டால் அவளுடைய அடையாளம் ஒன்றைக் கேட்டு எழுதி வரவேண்டும். வெறுங்கட்டமாக யாரும் தரக்கூடாது.