மனையும் படப்பையும்

சங்க நூல்களில் 'படப்பை' என்பது மனையை ஒட்டிய தோட்டத்தைக் குறிக்கும் சொல். வகுப்பறையில் இப்பொருளைப் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்த நாம், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையிலுள்ள படப்பையில் வாடகைக்கு வீடு தேடியபோதுதான் மனையின் அருமையை உணர்ந்தோம்.

ஆடியில் எவரும் குடிபுகார்; ஆனி முடிவதற்குள் வீடு கிடைத்தாக வேண்டும். படியேறிய இடங்களில் எல்லாம் ஏறக்குறைய ஒரே உரையாடல்தான்.

"எத்தனை பேர் சார்?"

"நான்கு பேர்."

"இதே போர்ஷன்ல கம்பெனிப் பசங்க எட்டுப் பேர் தங்குவாங்க சார். தலைக்கு இவ்வளவுன்னு வந்துடும். ஃபேமிலிக்கு விட்டா எங்களுக்குக் கட்டாது. அப்படியே விட்டாலும் பத்து மாச அட்வான்ஸ் ஆகும்."

அவரைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆனால், இத்தகைய பேரத்தில் குடியிருப்போருக்குத் துணையாக ஒரு சட்டமும் இல்லையா என்ற கேள்வி எழுந்தது.

சென்னை நகரம் இந்நெருக்கடியை முன்பே கண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் நகரைவிட்டு வெளியேறினர். ஆயினும் கட்டுப்பாடு நீடித்தது. போர் முடிந்தபின் 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் அது சட்டமாகத் தொடர்ந்தது. நியாய வாடகை, உரிய காரணமின்றி வெளியேற்றத் தடை என்பவை 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரு தூண்கள். எனினும், அது சென்னை, மதுரை, நகராட்சிகள் ஆகியவற்றுக்கே நேரடியாகப் பொருந்தியது. பிற இடங்களுக்கு அரசின் தனி அறிவிக்கை தேவைப்பட்டது. ஊராட்சியிலும் வீட்டுப் பஞ்சம் வரக்கூடும் என்று அன்று எவரும் எண்ணவில்லை போலும்.

பஞ்சம் ஆலைகளுடன் வந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான் உற்பத்தியைத் தொடங்கின. ஆலைகளுக்குச் சிப்காட் நிலம் தந்தது. தொழிலாளரைச் சுற்றுப்புறச் சிற்றூர்களே ஏற்றன. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிடில், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்கிறது. ஆனால் அச்சட்டமும் நகர்ப்புறத்தை மனத்திற்கொண்டே எழுதப்பட்டது.

2021 டிசம்பரில் விடுதி உணவால் பெண் தொழிலாளர் பலர் நோயுற, அவர்தம் தோழியர் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். அவர்கள் எத்தகைய இடங்களில் தங்கியிருந்தனர் என்பது அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. வரவேற்கத்தக்க பணியே. ஆயினும் அங்கே கணக்கிடப்படுவது வீடு அன்று, படுக்கை என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை போனால் படுக்கையும் போகும். படுக்கையில் குடும்பம் நடத்தவோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவோ இயலாது. இங்கே உழைப்பவர் இவ்வூராராக ஆவதற்கு வீடு வேண்டும்.

ஆடி பிறக்க இரு நாட்கள் இருக்கையில் நமக்கு ஒரு வீடு கிடைத்தது. பின்புறம் முன்பு தோட்டமாக இருந்ததாம். இப்போது அங்கே தகரக் கூரையிட்ட ஆறு அறைகள். ஆறிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.