அணி மாறினால் துரோகியா?



போன கிழமை இடைவேளையில் தரம் 10 பொடியன்கள் இரண்டு பேருக்கு இடையில் பெரிய வாக்குவாதம். விடயம் கூடைப்பந்து. கெவின் டுரன்ட் 2016இல் ஒக்லஹோமா சிட்டி அணியை விட்டுவிட்டு, அந்த வருடம் தங்களைத் தோற்கடித்த கோல்டன் ஸ்டேட் அணியிலேயே போய்ச் சேர்ந்தது துரோகமா இல்லையா என்பதுதான். அது நடக்கும்போது இவர்கள் முதலாம் தரத்தில்கூட இருந்திருப்பார்களோ தெரியாது. எல்லாம் போனில் பார்த்த பழைய வீடியோக்கள். "சேர், நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

அணி மாறும் வீரர்களைத் திட்டுகிறவர்கள் வழமையாகச் சொல்வது, அந்தக் காலத்து ஆட்கள் ஒரே அணிக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்று. இருந்தார்கள்தான். வேறு வழி இருக்கவில்லை.

அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் 1970கள் வரை இருந்த ஒப்பந்த முறை அப்படி. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் மீதான உரிமை அணியிடமே இருக்கும். இன்னொரு அணி கூடுதல் சம்பளம் தரத் தயாராக இருந்தாலும் அவராகப் போக முடியாது. ஆனால் முதலாளி நினைத்தால் அவரை எந்த ஊருக்கும் மாற்றிவிடலாம்.

இதில் மாட்டிக்கொண்டவர்களில் மிகப் பெரியவர் ஒஸ்கார் ரொபர்ட்சன். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் படித்தார். உள்ளூர் கல்லூரி வீரரை உள்ளூர் அணி எடுத்துக்கொள்ளலாம் என்ற விதிப்படி, 1960இல் சின்சினாட்டி ரோயல்ஸ் அவரை எடுத்தது. 1961-62 பருவத்தில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் அவருடைய சராசரி இரட்டை இலக்கம். அதற்கு முன் யாரும் செய்யாதது. ஆனாலும் அங்கே பத்து வருடம் ஆடி ஒரு கிண்ணம்கூட இல்லை. பக்கத்தில் ஆள் போதாது. தனி ஒருவர் எவ்வளவுதான் ஓடுவது?

1965இலிருந்து வீரர் சங்கத்தின் தலைவரும் அவர்தான். 1970இல் அணிக்கு ஒருவராக 14 வீரர்கள் தொடரின் மீது வழக்குப் போட்டார்கள். வழக்கு இவர் பெயரில்தான் பதிவானது. அதே வருடம் ரோயல்ஸ் அவரை பொல்டிமோருக்கு மாற்றப் பார்த்தது. அவருடைய ஒப்பந்தத்தில் மறுக்கும் உரிமை எழுதப்பட்டிருந்தது, மறுத்துவிட்டார். பிறகு மில்வோக்கிக்குப் போனார். அங்கே 7 அடி 2 அங்குல இளைஞன் ஒருவன், அப்போது ஆடிய பெயர் லூ அல்சின்டர். இஸ்லாத்தை ஏற்றிருந்த அவரை 1971இலிருந்து உலகம் கரீம் அப்துல் ஜப்பார் என்று அழைக்கிறது.

இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. 25 புள்ளி எடுத்துக்கொண்டிருந்த ஒஸ்கார் மில்வோக்கியில் 19 புள்ளியோடு இருந்துகொண்டு கரீமுக்குப் பந்து கொடுத்தார். அத்தனை பெரிய நட்சத்திரம் துணை வீரரானார். முதல் பருவத்திலேயே சம்பியன். இறுதியில் 4-0 என்று தோற்றது, அவர் போக மறுத்த அதே பொல்டிமோர்!

1974இல் ஒஸ்கார் ஓய்வு பெற்றார். அதே வருடம் கரீம் தனக்கு மில்வோக்கி வாழ்க்கை ஒத்துவரவில்லை, பெரிய நகரம் ஒன்றுக்கு மாற்றுங்கள் என்று கேட்டார். அடுத்த வருடம் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அவரை எடுத்துக்கொண்டு நான்கு பேரை அனுப்பியது: எல்மோர் ஸ்மித், பிரையன் வின்டர்ஸ், டேவ் மேயர்ஸ், ஜூனியர் பிரிட்ஜ்மன். கடைசி இருவரும் கல்லூரியிலிருந்து அப்போதுதான் தெரிவானவர்கள். லேக்கர்ஸுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கரீம் கேட்டுப் போனார், இவர்களுக்குப் போகச் சொல்லி உத்தரவு. இடமாற்றக் கடிதம் என்றால் என்னவென்று எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1976இல் வழக்கு சமரசத்தில் முடிந்து பழைய முறை ஒழிந்தது. ஆனால் முழுச் சுதந்திரம் உடனே வரவில்லை. வீரர் வெளியே கேட்ட சம்பளத்தைப் பழைய அணியே கொடுத்து மறித்துவிடலாம் என்றெல்லாம் நிபந்தனைகள். தடையே இல்லாமல் விரும்பிய அணிக்குப் போன முதல் ஆள் டொம் சேம்பர்ஸ், 1988இல் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்கு. ஒஸ்கார் ஓய்வு பெற்று 14 வருடமாகியிருந்தது.

இந்த உரிமை நட்சத்திரங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஸ்கொட்டி பிப்பனைப் பாருங்கள். வீட்டில் 12 பிள்ளைகளில் கடைசி. தந்தையும் ஒரு சகோதரரும் சக்கர நாற்காலியில். நாளைக்குக் காயப்பட்டால் குடும்பத்தை யார் பார்ப்பது என்ற பயத்தில் 1991இல் சிக்காகோவுடன் குறைந்த சம்பளத்துக்கு நீண்ட ஒப்பந்தம் எழுதினார். 1997-98இல் மைக்கல் ஜோர்டனுக்கு 33 மில்லியன் டொலர், பக்கத்தில் ஆடிய பிப்பனுக்கு 3 மில்லியனும் இல்லை. ஆறு கிண்ணமும் இருவரும் சேர்ந்து வென்றதுதான். ஒப்பந்தம் முடிந்ததும் ஹூஸ்டனுக்குப் போனார், ஐந்து வருடத்துக்கு 67 மில்லியன். அவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டுரன்ட் விடயத்தில் எனக்கும் கொஞ்சம் கசப்புத்தான், மறைக்கவில்லை. 3-1 என்று முன்னால் நின்று தோற்ற பிறகு, வென்றவர்களோடு போய்ச் சேர்ந்து 2017, 2018 இரண்டு கிண்ணம் எடுத்தார். ஆனால் பிடிக்காமல் இருப்பது வேறு, போக உரிமை இல்லை என்பது வேறு. அவர் விட்டுப் போன ரஸல் வெஸ்ட்புரூக், அடுத்த பருவத்திலேயே மூன்று இரட்டை இலக்கச் சராசரி எடுத்தார். ஒஸ்காருக்குப் பிறகு 55 வருடத்தில் அதுதான் முதல் தடவை.

நேற்று இதைச் சுருக்கமாக வகுப்பில் சொன்னேன். சண்டை பிடித்த இருவரில் ஒருவன் கேட்டது டுரன்டைப் பற்றி அல்ல. "சேர், அந்த நாலு பேருக்கும் என்ன நடந்த?"

பிரிட்ஜ்மன் பெரும்பாலும் மாற்று வீரராக வாங்கிலிருந்து இறங்கித்தான் ஆடினார். மில்வோக்கி அவருடைய 2ஆம் இலக்கச் சட்டையை இனி யாருக்கும் கொடுக்காமல் கௌரவித்தது. விளையாட்டுக்குப் பிறகு உணவகத் தொழிலில் இறங்கிப் பெரும் செல்வந்தரானார். 2024இல், தன்னிடம் கேட்காமல் தன்னை வாங்கிய அதே மில்வோக்கி அணியில் 10 வீதத்தை அவர் வாங்கினார்.