சலனப் படத்தின் பிறந்தநாள்

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி சனிக்கிழமையன்று, பாரிஸ் நகரத்தின் கபூசீன் பெருவீதியில் 14-ஆம் இலக்கக் கட்டிடத்தில் இருந்த கிராண்ட் கபே என்னும் காப்பிக் கடையின் நிலவறையில், லியோன் நகரத்து லூமியேர் குடும்பத்தார் கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுஜனங்களுக்குத் திரையில் படம் காட்டினர். அந்தத் தினமே சலனப் படத்தின் பிறந்தநாளாகப் பல தேசங்களிலும் நினைவுகூரப்பட்டு வருகிறது.

யந்திரம்

போட்டோத் தகடுகள் செய்யும் ஆலையை லியோனில் நடத்திவந்த அந்துவான் லூமியேர், அமெரிக்காவில் எடிஸன் வெளியிட்டிருந்த கினெட்டோஸ்கோப் என்னும் பெட்டியை 1894-இல் பாரிஸில் கண்டார். அசையும் உருவங்கள் அதில் இருந்தனவெனினும், துவாரத்தில் கண்ணை வைத்து ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே அவற்றைப் பார்க்க முடிந்தது. பெட்டிக்குள் அடைபட்டிருந்த அக்காட்சியை வெளியே கொணர்ந்து பலரும் ஒருங்கே காணச் செய்யும் பிரயத்தனத்தில் அவருடைய புதல்வர்களான ஒகுஸ்த் (1862–1954), லூயி (1864–1948) ஆகிய இருவரும் ஈடுபட்டனர்.

படச்சுருள் இடைவிடாது ஓடினால் திரையில் உருவம் தெளிவாக விழாது. ஒவ்வொரு படமும் ஒளியின் முன் கணப்போது அசையாமல் நின்று, பிறகே அடுத்த படத்துக்கு இடம்விட வேண்டும். தையல் யந்திரத்தில் துணியானது ஊசியின் கீழ் நின்று நின்று நகர்வதை ஒத்த ஓர் அமைப்பை லூயி வகுத்ததனால் இந்த இடர்ப்பாடு நீங்கிற்று. 1895 பிப்ரவரி 13-ஆம் தேதி உரிமைப் பதிவு பெற்ற சினிமாட்டோகிராப், கையால் சுழற்றப்படுவதும், ஏறக்குறைய 5 கிலோகிராம் எடையே உள்ளதும், படம் பிடித்தல், பிரதி எடுத்தல், திரையில் காட்டுதல் ஆகிய மூன்று காரியங்களுக்கும் தானே போதுமானதும் ஆகிய யந்திரமாகும்.

முதற் காட்சி

அதே ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி பாரிஸில் தொழில் வளர்ச்சிக் கழகத்தார் முன்னிலையிலும், ஜூன் மாதத்தில் லியோனில் கூடிய போட்டோக் கலைஞர் மகாநாட்டிலும் இந்த யந்திரம் பரீட்சார்த்தமாகக் காட்டப்பட்டது. அவை அறிஞர் சபைகள். ஒரு பிராங்க் கொடுத்த எவரும் நுழையக்கூடிய முதற் காட்சி டிசம்பர் 28 அன்று, ‘இந்திய மண்டபம்’ என்று பெயர் பூண்டிருந்த அந்த நிலவறையில், அந்துவானின் மேற்பார்வையில் நடைபெற்றது. வசூலில் பங்கு தருவதாகச் சொல்லியும் கடைக்காரர் அதை ஏற்காது, நாளொன்றுக்கு 30 பிராங்க் வாடகையே போதுமென்று கூறிவிட்டாராம். அன்று சீட்டு வாங்கியவர்கள் 33 பேர்.

ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக ஓடிய பத்துப் படங்கள் காட்டப்பட்டன. ஆலைத் தொழிலாளர் வேலை முடிந்து வாயிலில் வெளிவருவது, கொல்லர் பட்டறை, கடற்குளியல், தோட்டக்காரனின் தண்ணீர்க் குழாயைச் சிறுவன் ஒருவன் மிதித்து விஷமம் செய்வது ஆகியவை அவற்றுட் சில. அந்த வரிசையில் ஒகுஸ்தும் அவர் மனைவியும் தம் குழந்தைக்கு உணவூட்டும் படமும் ஒன்று. அதைக் கண்டவர்கள் குழந்தையின் முகத்தைக் காட்டிலும், அதற்குப் பின்னால் காற்றில் அசைந்த இலைகளையே வியந்து நோக்கினர் என்பர். வர்ணம் தீட்டிய நாடகப் படுதாவில் மரங்கள் அசையாமல் நிற்பதையே கண்டு பழகியவர்களுக்கு, யாரும் ஏவாமல் தாமாகவே சலசலத்த அவ்விலைகள் எத்தகைய அற்புதமாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம். பார்வையாளர்களுள் ஒருவரான ஜார்ஜ் மெலியே என்னும் இந்திரஜால வித்தைக்காரர் யந்திரத்தை விலைக்குக் கேட்டு மறுக்கப்பெற்றார்; பின்னர் வேறு கருவி தேடிக்கொண்டு, மாயக் கதைப் படங்களின் முன்னோடியாகப் புகழ்பெற்றார்.

தேதி பற்றிய விவாதம்

இந்தப் பிறந்தநாளுக்குப் போட்டிகள் உண்டு. எடிஸனின் பெட்டிகள் 1894 ஏப்ரல் 14 முதலே நியூயார்க்கில் காசுக்குக் காட்டப்பட்டன. 1895 மே 20-இல் அதே நகரத்தில் லேதம் குடும்பத்தார் திரையிலேயே படம் காட்டினர். நவம்பர் 1-இல் பெர்லினில் ஸ்க்லாடனோவ்ஸ்கி சகோதரர்கள் அவ்வாறே செய்தனர். ஆகவே லூமியேர்களை ஆதி கர்த்தாக்கள் என்று கூறுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது. ஆயினும், மற்றவர்களின் முயற்சிகள் விரைவில் அற்றுப்போக, கபூசீன் வீதியில் தொடங்கிய காட்சி நிற்காமல் தொடர்ந்து, 1896 ஜூலை 7-ஆம் தேதி பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில், ஒரு ரூபாய்க் கட்டணத்தில், இந்திய மண்ணிலும் விரிந்தது. 1905-இல் திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டியதும் அந்தப் பரம்பரையின் ஒரு கிளையே. புதுக்கருவியொன்று என்று உருவாயிற்று என்பதை ஒரு நாளில் அடக்கிச் சொல்வது அரிது. அறிமுகமற்ற மனிதர் இருட்டில் ஒன்றாக அமர்ந்து ஒரே காட்சியைக் கண்டு மகிழும் வழக்கம் இடையறாது தொடரத் தொடங்கிய நாள் என்ற அளவில், டிசம்பர் 28 அந்தப் பெருமைக்கு முற்றிலும் உரியது.

நினைவு விழாக்கள்

1995-இல் நூற்றாண்டு நிறைவெய்தியபோது, பல தேசங்களைச் சேர்ந்த 40 டைரக்டர்கள், செப்பனிடப்பட்ட பழைய சினிமாட்டோகிராப்பைக் கொண்டே தலைக்கு ஒரு குறும்படம் எடுத்தனர். ஒவ்வொரு படமும் 52 விநாடிக்கு மேற்படலாகாது, உடன்பதிவான ஒலி கூடாது, மூன்று முறைக்கு மேல் முயலலாகாது என்பவை அதற்கு விதிக்கப்பட்ட நியமங்கள். அதே ஆண்டில் ஜெர்மானிய டைரக்டர் விம் வெண்டர்ஸ், ஸ்க்லாடனோவ்ஸ்கி சகோதரர்களைப் பற்றிப் படமெடுத்து அவர்களுக்குரிய மரியாதையைச் செலுத்தினார்.

தொழிலாளர்கள் வெளிவந்த ஆலையின் கொட்டகை லியோனில் இன்றும் பேணப்படுகிறது. அது நிற்கும் வீதிக்கு ‘முதற் படத் தெரு’ என்றே பெயர். 2009 முதல் அந்நகரில் நடைபெற்றுவரும் திரைப்பட விழாவில் விருது பெறுபவர், ஆலை வாயில் காட்சியை அதே இடத்தில் மீண்டும் படமாக்குவது மரபாகியுள்ளது. 2013-இல் க்வெண்டின் டாரன்டினோவும் 2015-இல் மார்ட்டின் ஸ்கார்ஸேஸியும் அங்கே நின்று, வாயிலைக் கடந்து வருவோரைப் படம் பிடித்தனர்.