மெர்சிங் துறையும் அதன் விடுமுறைக் காலமும்

அண்மையில் மெர்சிங் நகருக்குச் சென்று மூன்று நாள் தங்கியிருந்தேன். ஜொகூர் மாநிலத்தின் கீழைக் கரையில், ஆற்றுவாயை அடுத்து, தென்சீனக் கடலை நோக்கி அமைந்த சிறு நகர் அது. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி, ஜெமாலுவாங் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். 1970-ஆம் ஆண்டுகளில், பள்ளி விடுமுறை வந்துவிட்டால், எம்போன்ற நடுத்தரக் குடும்பத்தார்க்குக் ‘கடற்கரை’ என்றால் மெர்சிங்தான். வாடகைக் காரில் எட்டுப் பேர் நெருக்கியடித்து ஏறி, புளிச்சோற்றுப் பொட்டலங்களுடன் அங்கே போய் இறங்கிய நாட்கள் இன்றும் கண்முன் நிற்கின்றன.

இம்முறை சென்றபோது அந்த ஊரைக் காணவில்லை என்றே முதலில் தோன்றிற்று. நகருக்கு வடக்கேயுள்ள ஆயர் பாப்பான் கடற்கரையில், நாங்கள் தங்கிய வகையைச் சேர்ந்த குடில்கள் சில கூரை சரிந்து கிடந்தன. சவுக்கு மரங்கள் மட்டும் முன்போலவே இரைந்து கொண்டிருந்தன. விடுமுறை நாளாயிருந்தும் மணலில் கால்தடங்கள் மிகுதியில்லை.

முதுமையில் திரும்பிச் செல்வோர்க்கு எந்த ஊரும் வாடியதாகவே தோன்றும். ஆனால் நினைவு வேறு, வரலாறு வேறு. வாடியது ஊரா, அன்றி அதனைக் காணும் கண்ணா என்று ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

கடலாடுதல்

‘கோடைவாசத்தலம்’ என்னும் பெயர் இந்நாட்டிற்கு முற்றும் பொருந்துவதன்று. ஆண்டு முழுவதும் ஒரே வெயில் காயும் நாட்டில் கோடை ஏது? ஆயினும் கீழைக் கரைக்கென ஒரு பருவ ஒழுங்கு உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும், கடல் கொந்தளிக்கும், தீவுகளில் உள்ள விடுதிகளுட் பல அடைத்துக் கிடக்கும். மார்ச்சு முதல் அக்டோபர் வரையில் கடல் அடங்கியிருக்கும். அந்த அமைதிக் காலமே இக்கரையின் கோடை எனலாம்.

கடற்கரைக்கு இன்பம் நாடிச் செல்லும் வழக்கத்தை மேனாட்டாரே நமக்குக் கற்பித்தனர் என்று கருதுவோர் உளர். இங்கிலாந்தில் ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் மருத்துவர், கடல்நீர் நோய் தீர்க்கும் என்று 1750-ல் நூலெழுதிய பின்னர்ப் பிரைட்டன் முதலிய கடற்கரை ஊர்கள் புகழ்பெற்றன என்பது மெய்யே. ஆனால் காவிரிப்பூம்பட்டினத்து மக்கள் கடலாடியதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. சிலப்பதிகாரத்தில் ‘கடலாடு காதை’ என்று ஒரு காதையே உண்டு. இந்திரவிழாவின் முடிவில் கோவலனும் மாதவியும் கடலாடச் சென்றதும், அங்கே கானல்வரி பாடிப் பிரிந்ததும் ஆசிரியப் பெருமக்கள் நன்கறிந்தவை.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. புகார் முதலில் துறைமுகம். கலம் வந்து நின்ற இடத்தில் மக்கள் கூடினர்; மக்கள் கூடிய இடத்தில் விழாவும் விளையாட்டும் தோன்றின. துறை இல்லையேல் கடலாட்டும் இல்லை. மெர்சிங்கின் கதையும் இத்தகையதே.

துறையின் பழமை

மெர்சிங்கிற்கு எதிரே கடலில் பல தீவுகள் உள்ளன. அவற்றுள் பெரிதாகிய தியோமான் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. எனினும் அதற்குச் செல்வோர் நெடுங்காலமாக ஜொகூரின் மெர்சிங்கிலிருந்தே படகேறி வந்தனர். இத்தீவு பழைய மாலுமிகளுக்கு நன்கு அறிமுகமானது. கி.பி. 851-ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற அரபு மொழிப் பயண நூல் ஒன்று, சீனத்துக்குச் செல்லும் கலங்கள் ‘தியூமா’ என்னும் இடத்தில் நன்னீர் கொள்ளும் என்று கூறுகின்றது. அவ்விடம் தியோமானே என்பது அறிஞர் துணிபு. தீவில் கிடைத்த பழைய சீனப் பீங்கான் ஓடுகளும் இத்தொடர்பைக் காட்டுகின்றன. இன்று உல்லாசப் பயணிகள் குளிக்கும் அருவிநீர், ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் மாலுமிகளின் உயிர்நீராய் இருந்தது.

மெர்சிங் என்னும் பெயர், அங்கு வாணிகம் செய்த ‘சிங்’ ஒருவரின் பெயரிலிருந்து வந்தது என்று ஊரார் சொல்லும் செவிவழிச் செய்தியும் உண்டு. அதனைச் சான்றாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும் வந்துபோவோரின் ஊர் என்று அவ்வூரார் தம் ஊரைப்பற்றி எண்ணியிருந்தமை அக்கதையால் விளங்கும்.

மணலுக்கடியில் உள்ளவை

சிறுவராய் இருந்தபோது கரையோரத்தில் இருந்த ஒரு சிமெண்டுக் கட்டடத்தின்மேல் ஏறிக் குதித்து விளையாடினோம். தடித்த சுவர், குறுகிய துளைகள். “அது ஜப்பான்காரன் கட்டினது” என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். அது தவறென்பதனைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். ஜப்பானியரைத் தடுப்பதற்காகக் கட்டப்பெற்ற காவல் அரண் அது.

பருவக்காற்று வீசும் காலத்தில் கீழைக் கரையில் எவரும் படையிறக்க இயலாது என்பது முன்னாள் நம்பிக்கை. 1937-ல் மலாயாப் படைத்தலைவராயிருந்த டாபி, அந்நம்பிக்கை பொய்யென்று எச்சரித்தார். சிங்கப்பூருக்குச் சாலைவழி இருந்தமையால் மெர்சிங் கரை ஆபத்தான இடமாகக் கருதப்பட்டது. 1941-ல் ஆஸ்திரேலியரின் 22-ஆம் படைப்பிரிவு இங்கு வந்து கரை நெடுகிலும் முள்கம்பி வேலியிட்டது, கண்ணிவெடிகளைப் புதைத்தது. ஜப்பானியர் அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள், பருவக்காற்றுக் காலத்திலேயே, வடக்கே கோத்தா பாருவில் இறங்கினர். மெர்சிங்கை நிலவழியாகவே அணுகினர். 1942 ஜனவரி 26-ஆம் நாள் இரவு ஜெமாலுவாங்கிற்கு வடக்கே நித்ஸ்டேல் ரப்பர்த் தோட்டத்தில் ஆஸ்திரேலியர் பதுங்கியிருந்து தாக்கினர். இருபுறமும் பலர் மாண்டனர். அன்றிரவே எண்டாவ் கடலில் போரிடச் சென்ற ‘தானெட்’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது.

பின்னர் 1943-ல், உணவுப் பஞ்சத்தால் சிங்கப்பூர்ச் சீனர்கள் பலரை எண்டாவ் காட்டிற்கு அனுப்பி ‘நியூ சியோனான்’ என்னும் குடியிருப்பை அமைத்தனர். இளமையில் நாங்கள் ஆடிய மணல் இத்தனையும் கண்ட மணல். முப்பதாண்டுகூட ஆகியிராத செய்திகள் அவை. ஒருவரும் எமக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சாலையும் அதனைக் காத்தவரும்

ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924-ல் திறக்கப்பெற்றது. அதன் பின்னரே சிங்கப்பூரார் மோட்டார் வண்டியில் ஏறி நேராகக் கீழைக் கரை நோக்கிச் செல்லும் வாய்ப்பு உண்டாயிற்று. அவ்வாறு செல்வதற்குச் சாலை வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயாவின் சாலைகளை இடுவதிலும் பழுது பார்ப்பதிலும் தமிழ்த் தொழிலாளர் ஆற்றிய பங்கு பெரிது. பொதுப்பணித் துறையார் சாலையோரத்தில் கட்டிய லயன் வீடுகளில் அவர்கள் குடியிருந்தனர். சல்லி உடைத்தும், தார் ஊற்றியும், மழையில் சரிந்த மண்ணை அள்ளியும் அவர்கள் காத்த வழியில்தான் விடுமுறைக்காரர்கள் சென்றனர். விளம்பரத் தாள்களில் கடல் உண்டு, தென்னை உண்டு, சாலைக்காரர் இல்லை.

காத்திருப்பால் வளர்ந்த ஊர்

மெர்சிங் ஆற்றுவாயில் மணல் மேடிட்டு ஆழம் குறைந்திருப்பதால், நீரேற்றம் பார்த்தே படகுகள் புறப்பட வேண்டும். நீர் வற்றியிருந்தால் பயணி காத்திருப்பான். மாலையில் வந்து சேர்ந்தவன் இரவு தங்குவான். கோப்பிக்கடையில் உண்பான், கெரோப்போக் வாங்குவான், மறுநாள் படகு இல்லையெனில் ஆயர் பாப்பானுக்குப் போய்க் குளிப்பான். ஊரின் விடுமுறைச் செழிப்பு முழுவதும் இக்காத்திருப்பை அடியாகக் கொண்டது என்பதனை நான் நூலிற் படித்து அறியவில்லை. கோப்பிக்கடையில் உடனமர்ந்த முதியவர் ஒருவர் சொல்ல அறிந்தேன். இளமையில் சாலைத் தொழில் செய்தவர், எண்பத்தைந்தைக் கடந்தவர்.

“ஏன் ஐயா, ஊர் இப்படி வாடிப் போச்சு?” என்று கேட்டேன்.

“யாரு தம்பி சொன்னா வாடிப் போச்சுன்னு? மீன்படகு வருது, போகுது. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது. நீங்க வர்றதை நிறுத்திட்டீங்க, அவ்வளவுதான். முன்னே தண்ணி ஏற்றத்துக்குக் காத்துக் கிடந்தீங்க, ஊரைப் பார்த்தீங்க. இப்ப யாருக்குக் காத்திருக்க நேரம்?”

நான் விடை கூறவில்லை. அவர் சொன்னதை மனத்துட் கொண்டு பார்த்தபோது காரணங்கள் ஒவ்வொன்றாய்த் தெளிந்தன. தியோமானில் விமானத்தளம் அமைந்தது. சிங்கப்பூரிலிருந்து நேரே பறந்து செல்லலாயினர். எண்டாவ் ஆற்றுக்கு அப்பால், பகாங்கின் தஞ்சோங் கெமோக்கிலிருந்தும் தீவுக்குப் படகுகள் ஓடின. அரைநாட் கடற்பயணம் விரைவுப் படகினால் இரண்டு மணி நேரமாய்ச் சுருங்கிற்று. 2011-ல் செனாய் – டெசாரு விரைவுச்சாலை முழுமையாகத் திறக்கப்பெற்றபின், தெற்கேயுள்ள டெசாருக் கடற்கரை இன்னும் அண்மையதாயிற்று. குறைந்த கட்டண விமானங்கள் தொலைநாட்டுக் கடற்கரைகளையும் அண்மையாக்கின. சிங்கப்பூர் – தியோமான் விமானப் போக்குவரத்து 2014-ல் நின்றது. ஆயினும் மெர்சிங்கில் இரவு தங்கும் பழைய வழக்கம் திரும்பவில்லை. கொள்ளைநோயால் 2020 முதல் 2022 வரை எல்லை அடைபட்டபோது எஞ்சியிருந்த சிறு விடுதிக்காரர்களுக்கும் இடர் நேர்ந்தது.

கொற்கை கூறும் பாடம்

பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை இன்று கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே வயல் சூழ்ந்த சிற்றூராய் இருக்கின்றது. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் துறையைத் தூர்த்தது. அதன்பின் காயல் ஓங்கிற்று; அதுவும் தளர்ந்தபின் தூத்துக்குடி எழுந்தது. இங்கிலாந்தின் பிரைட்டனுக்கு 1841-ல் இருப்புப்பாதை வந்தபோது மக்கள் வெள்ளம் வந்தது; இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் விமானங்கள் அம்மக்களை ஸ்பெயினுக்கு ஏற்றிச் சென்றபோது அந்நாட்டுக் கடற்கரை ஊர்கள் பல வாடின. ஆறு தூர்ப்பினும், பயணியின் வழி மாறினும் விளைவு ஒன்றே. ஊரின் குறையால் மட்டும் ஊர் வாடுவதில்லை.

ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. கொற்கையில் துறையே மறைந்தது. மெர்சிங்கில் துறை இன்றும் உயிரோடிருக்கின்றது. விடியலில் மீன்படகுகள் ஆற்றுவாய் கடப்பதை மூன்று நாளும் கண்டேன். தீவுக்குச் செல்லும் படகுகளும் நீரேற்றம் பார்த்துப் புறப்பட்டன. மறைந்தது விடுமுறைக்காரரின் மெர்சிங். இருப்பது மெர்சிங்காரரின் மெர்சிங். முன்னதை மட்டுமே ஊரென்று எண்ணியது என் பிழை.

மறைந்து கொண்டிருப்பது வேறொன்று. சாலையிட்டவர், தோட்டத்தில் உழைத்தவர், போர்க்காலத்தைக் கண்டவர் ஆகியோரின் நினைவுகள் எழுதப்படாமலே அவர்களோடு போகின்றன. காவல் அரணை ‘ஜப்பான்காரன் கட்டினது’ என்று ஒரு தலைமுறையே தவறாகச் சொல்லியது, கேட்டு எழுதி வைப்பார் இல்லாமையால் அன்றோ? தமிழாசிரியர்கள் மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும்போது, அவ்வூரில் வாழும் முதியவர் ஒருவரிடமும் அழைத்துச் செல்வாராக. அவர் கூறுவதைப் பெயர், ஊர், ஆண்டுகளுடன் எழுதுவித்து, நூல்களோடு ஒப்பிட்டுத் திருத்தச் செய்தல் வேண்டும். ஒரு பள்ளிக்கு ஒரு குறிப்பேடு போதும்.

புறப்படும் நாளில் அம்முதியவரை மீண்டும் காணக் கோப்பிக்கடைக்குச் சென்றேன். என்னிடம் இம்முறை ஒரு குறிப்பேடு இருந்தது. கோத்தா திங்கிச் சாலையில் தாம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் சொல்லத் தொடங்கினார். நண்பகல் வண்டியை விட்டுவிட்டு, மாலை வண்டியில் ஊர் திரும்பினேன்.