குஃப்ரா சண்டை (1941)

இரண்டாம் உலகப் போரின்போது, லிபியாவின் தென்கிழக்குப் பாலைவனத்தில் சுதந்திர பிரெஞ்சுப் படைக்கும் இத்தாலியப் படைக்கும் நடந்த சண்டை. 1941 மார்ச் 1 அன்று இத்தாலியர் சரணடைந்தனர்.

சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நீரற்ற மணல்வெளி. நடுவே கிணறுகளும் பேரீச்சந்தோப்புகளும் கொண்ட சோலைகளே குஃப்ரா. இத்தாலிய ஆட்சியை எதிர்த்த சனூசி இயக்கத்தின் கடைசிப் புகலிடமான இதை 1931 ஜனவரியில் இத்தாலி கைப்பற்றியது. பாலைக்குள் தப்பியோடிய குடும்பங்கள் விமானத் தாக்குதலிலும் தாகத்திலும் மடிந்தன. 1941இல் கைமாறிய மண் யாருடையது என்பதை மறவாமல்தான் இந்தச் சண்டையைப் படிக்க வேண்டும்.

பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபின், 1940 ஆகஸ்டில் ஆளுநர் ஃபெலிக்ஸ் எபுவேயின் முடிவால் பிரெஞ்சுக் குடியேற்ற நாடான சாட், சுதந்திர பிரெஞ்சுப் படையின் தலைவர் டி கோல் பக்கம் சேர்ந்தது. அங்கே படைத்தலைமை ஏற்றவர் கர்னல் லெக்லேர். பிரான்சில் இருந்த குடும்பத்தைக் காக்க அவர் சூடிக்கொண்ட புனைபெயர் அது. அவர் குஃப்ராவுக்குத் திரட்டிச் சென்ற சில நூறு பேரில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வீரர்கள்.

லெக்லேருக்கு முன்னே சென்ற பிரிட்டிஷ் நெடுந்தூரப் பாலைவனப் படையின் ரோந்துக் குழு, ஜனவரி 31 அன்று ஜெபல் ஷெரீஃப் என்ற இடத்தில் இத்தாலியரிடம் சிக்கிச் சிதறியது. தலைவர் மேஜர் கிளேட்டன் சிறைப்பட்டார். வண்டியை இழந்த மூர் என்ற நியூசிலாந்து வீரர், காலில் காயத்தோடு, சொற்ப நீருடன் பத்து நாள் தெற்கு நோக்கி நடந்தார். பிரெஞ்சுப் படையினர் கண்டெடுத்தபோதும் நடந்துகொண்டுதான் இருந்தார்.

பிப்ரவரி நடுவில் லெக்லேர் குஃப்ரா வந்து சேர்ந்தார். இத்தாலியரின் மோட்டார் படையை முதலில் விரட்டிவிட்டு, அங்கிருந்த எல் தாஜ் கோட்டையை முற்றுகையிட்டார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு 75 மி.மீ. மலைப் பீரங்கி. அதை இடம் மாற்றி மாற்றிச் சுட்டதால் எதிரிக்குப் பல பீரங்கிகள் இருப்பதாகத் தோன்றியது. கோட்டைக் காவலரிலும் பெரும்பாலோர் இத்தாலியர் அல்லர், லிபியரே. இது குடியேற்ற நாடுகளின் போர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வெற்றிக்குப் பின், ஜெர்மனி வசமிருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரின் பேராலயத்தில் பிரெஞ்சுக் கொடி பறக்கும்வரை ஆயுதத்தைக் கீழே வைப்பதில்லை என்று லெக்லேரும் அவர் படையினரும் சூளுரைத்தனர். 1944 நவம்பர் 23 அன்று லெக்லேரின் இரண்டாம் கவசப் படைப்பிரிவு அந்நகரை மீட்டது. ஆனால் 1943இல் அப்பிரிவு உருவாக்கப்பட்டபோதே, குஃப்ராவில் போரிட்ட கறுப்பின வீரர்கள் விலக்கப்பட்டிருந்தனர்.