முழங்கையில் ஒட்டிய புள்ளி

அந்தப் புள்ளி பிறந்தபோது அது ஒரு பொத்தான். 1883ஆம் ஆண்டு, பாரிஸின் மேற்கு ஓரத்துத் திடல் ஒன்றில் எத்தியேன் ஜூல் மாரே என்ற உடலியங்கியல் அறிஞர், மனிதன் ஓடும்போது உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்க முயன்றுகொண்டிருந்தார். ஒரே தகட்டில் பலமுறை படம் பிடித்தால் கையும் காலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பின. அதனால் ஆளையே மறைத்துவிட்டார். உதவியாளர் ஜார்ஜ் தெமெனிக்குக் கறுப்பு உடை, பின்னால் கறுப்புச் சுவர், மூட்டுகளில் பளிச்சிடும் பொத்தான்கள், கைகால் நெடுக வெள்ளைப் பட்டைகள். தகட்டைக் கழுவிப் பார்த்தால் தெமெனி இல்லை. அவருடைய ஓட்டம் மட்டும் கோடும் புள்ளியுமாகப் பதிந்திருந்தது.

ஜெர்மனியின் லைப்சிக்கில் ஆய்வாளர்கள் பிரவுனே, ஃபிஷர் இருவரும் 1891இல் பொத்தானை ஒளிரும் குழாயாக்கினார்கள். ஒரு படைவீரனின் உடம்பில் அவற்றைக் கட்டி முடிக்கவே பல மணி நேரம் ஆனது. அவன் நடந்ததோ சில அடிகள். கணக்குப் போட்டு முடிக்க மாதங்கள்.

புள்ளி ஒரு பெரிய உண்மையைச் சொன்னது மாஸ்கோவில்தான். 1920களில் ஆய்வாளர் நிக்கொலாய் பெர்ன்ஷ்டைன், சம்மட்டி அடிக்கும் தொழிலாளிகளின் கையில் சின்னஞ்சிறு மின்விளக்குகளைப் பொருத்திப் படமெடுத்தார். கைதேர்ந்தவன் ஒவ்வோர் அடியையும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி அடிப்பான் என்றுதான் யாரும் நினைப்போம். சம்மட்டியின் முனை ஏறத்தாழ ஒரே வழியில்தான் போனது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒவ்வோர் அடிக்கும் வேறு வேறு வழியில் போயின. ஒன்று பிசகினால் இன்னொன்று ஈடுகட்டியது. தன் முழங்கை என்ன செய்கிறது என்று அந்தத் தொழிலாளிக்கே தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்தச் சேதியைப் பயிற்சியாளர்கள் காதில் போட்டுக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று.

பிறகு புள்ளி மருத்துவமனைக்குப் போனது. சாலைப் பலகைகள் இரவில் வண்டி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன அல்லவா, அதே வகைப் பூச்சு பூசிய சிறு உருண்டையாக மாறி, நடக்கச் சிரமப்படும் குழந்தைகளின் கால்களில் ஒட்டிக்கொண்டது. அகச்சிவப்புக் கேமராக்களும் கணினியும் வந்த பின், முன்பு மாதக்கணக்கில் போட்ட கணக்கு நிமிடங்களில் முடிந்தது.

கிரிக்கெட்டுக்குள் அதைப் பிரபலமாக்கியது ஒரு கண்டித் தமிழரின் கை. 1995 டிசம்பரில் மெல்போர்னில், முத்தையா முரளிதரன் முழங்கையை நிமிர்த்திப் பந்தை எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். நம் தெருவில் ‘மாங்கா’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அங்கே உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை அது. பெர்த்தில் உள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை, அவர் எறிவதுபோலத் தெரிவது பார்வை மயக்கம் என்றது.

2004இல் அவருடைய ‘தூஸ்ரா’ என்ற வகைப் பந்தின் மீது மறுபடியும் புகார். பெர்த்தில் மறுபடியும் உருண்டைகள். மேல் கை கிடைமட்டத்துக்கு வரும் கணத்துக்கும் பந்து விரலைவிட்டுப் போகும் கணத்துக்கும் இடையில் முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்பதே கேள்வி. சராசரியாக 14 டிகிரி என்று வந்தது. திருத்தப் பயிற்சிக்குப் பிறகு 10.2. சுழற்பந்துக்கு அன்று இருந்த வரம்போ 5 டிகிரிதான்.

இங்கே கதை திரும்பியது. மற்றவர்களையும் அளந்தபோது, யாரும் சந்தேகப்படாத வேகப்பந்து வீச்சாளர்களும் தங்கள் வரம்பைத் தாண்டுவது தெரியவந்தது. வெறும் கண்ணுக்கு எறிவதாகத் தெரிய ஆரம்பிக்கும் எல்லை என்று சொல்லி, 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 டிகிரி என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) வைத்தது. முரளிக்காகச் சட்டத்தை வளைத்தார்கள் என்று இன்றும் பேசுவோர் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை: பழைய சட்டம் கண்ணை நம்பியே அமலானது, அந்தக் கண் எல்லோர் கையையும் ஒரே மாதிரி பார்க்கவில்லை.

பெர்த்திலிருந்து உருண்டை பல ஊர்களுக்குப் பரவியது. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகமும் ஐசிசி அங்கீகாரம் பெற்ற சோதனை மையமானது. 2015இல் சுனில் நரைன் அங்கே சோதிக்கப்பட்ட பிறகுதான் ஐபிஎல்லில் பந்துவீச அனுமதி பெற்றார்.

ஆனால் அளவு சரியாவதும் ஆட்டம் சரியாவதும் ஒன்றல்ல. பாகிஸ்தானின் சயீத் அஜ்மல், ஒருநாள் போட்டிப் பந்துவீச்சாளர் வரிசையில் முதலிடத்தில் இருந்தபோது, 2014 செப்டம்பரில் தடை செய்யப்பட்டார். முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சக்லைன் முஷ்டாக்கின் துணையோடு வீச்சை மாற்றியமைத்தார். 2015 பிப்ரவரியில் அனுமதியும் கிடைத்தது. ஏப்ரலில் வங்கதேசத்தில் ஆடியவைதான் அவருடைய கடைசி சர்வதேச ஆட்டங்கள். புள்ளி அவரை மன்னித்தது, மட்டையாளர்கள் மன்னிக்கவில்லை.

வீச்சைத் திருத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. முழங்கையை மடக்காதே என்று ஒருவனிடம் சொன்னால் அவன் முழங்கையையே நினைத்துக்கொண்டு ஓடிவருவான். ஆய்வாளர் காப்ரியேலே வுல்ஃப் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் நின்றவர்களில் தங்கள் பாதத்தைக் கவனித்தவர்களைவிட, காலடியில் இருந்த சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். பெர்ன்ஷ்டைனின் சம்மட்டி சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். ஆகவே 14 டிகிரி என்ற எண் பயிற்சியாளருக்கு. வீசுபவனுக்குப் பந்தின் தையல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எங்கே விழ வேண்டும் என்று சொன்னால் போதும். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லாமல் இருப்பது எளிதல்ல. ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தால் ஆள் அதையே நம்பி நிற்பான். சொல்வதை நிறுத்தியதும் தடுமாறுவான்.

புள்ளிக்கு ஒரு குறையும் உண்டு. சட்டையைக் கழற்றி, உருண்டைகளை ஒட்டி, கேமராக்களுக்கு நடுவே வீசும்போது யாருமே கொஞ்சம் ஒழுங்காகத்தான் வீசுவார்கள். அதனால் சோதனை வீச்சை, புகார் வந்த ஆட்டத்தின் வீச்சோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க பேஸ்பால் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. 2020 முதல் மேஜர் லீக் மைதானம் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு ஹாக்-ஐ கேமராக்கள் பொருத்தப்பட்டு, ஆட்டத்தின் நடுவிலேயே வீரர்களின் மூட்டுகளைப் பின்தொடர்கின்றன. உடம்பில் எதையும் ஒட்டுவதில்லை. எறிபவர் சீருடையோடு நிற்கிறார், அவருடைய முழங்கை எங்கே இருக்கிறது என்பதைக் கணினியே கண்டுபிடித்துக்கொள்கிறது.